என் கம்ப்யூட்டர் எனக்குக் கணித்த ஆயுள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அதை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், கார்பன் காப்பியோடு வைத்துக்கொண்டவன். நான் கடன் வாங்கி வாங்கிய மெஷின், நான் எழுதிய புரோகிராம், புள்ளி புள்ளியாக நானே வரைந்த தமிழ் எழுத்து, எல்லாம் ஒன்றுகூடி ஒரு தாளில் அச்சடித்துச் சொன்னது: இந்தப் பெண்ணைக் கட்டினால் எனக்கு ஆயுள் கெட்டியில்லை. அந்தத் தாளின் இரண்டு ஓரத்து ஓட்டைக் கரையையும் நானே கிழித்து, அழகாக மடித்து, பெண்ணின் அப்பாவிடம் "இந்தாங்க" என்று கொடுத்தேன்.

இன்றைக்கு நடவு வயல் வரப்பில் நிற்கிறவர் கையில்கூட கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் அவர் மருமகனோடு சண்டை போடுகிறார். நான் சொல்வது தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. அறைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒரு பிராணி என்று ஜனங்கள் நினைத்திருந்த காலம். சென்னையில் ஒரு கம்பெனியில் போர்டுகளுக்கு ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தவன், டெல்டாவையே கம்ப்யூட்டர்மயமாக்கிவிடுவது என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டேன். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பேசாதது நல்லது என்று நானும் விட்டுவிட்டேன்.

ரைஸ் மில்காரர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள் என்பது என் கணக்கு. முதல் மில் முதலாளி என்னைத் தவிட்டு மூட்டை மேல் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"இது நெல்லுல ஈரம் பார்க்குமா?"

"பார்க்காதுங்க."

"கல்லு பொறுக்குமா?"

"பொறுக்காதுங்க."

"பின்ன என்னதான் தம்பி பண்ணும்?"

"நீங்க சொல்றது எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும்ங்க."

"அதுக்கு எங்க வீட்டம்மா இருக்காங்க. நான் சொல்லாததையும் ஞாபகம் வெச்சுக்குவாங்க" என்றார். மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

எல்லா மில்லிலும் மோர் நன்றாக இருந்தது. கம்ப்யூட்டர்தான் விற்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் பச்சை எழுத்துத் திரையைப் பார்த்து, "இதுல வெள்ளிக்கிழமை டி.வி.ல வர்ற பாட்டு வராதா?" என்று கேட்டு, வராது என்றதும் அனுதாபத்தோடு போனார்கள். வாடகை ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்களை எல்லாம் இப்போது காலண்டரிலிருந்து கிழித்துவிடத் தோன்றுகிறது.

கம்ப்யூட்டர் ஜாதகம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், கல்லூரி விடுதியில் நான் பகுத்தறிவுச் சிங்கம். ராகுகாலத்தில்தான் பரீட்சைக்குக் கிளம்புவேன், அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன். இரண்டு பேப்பர் போனது, கொள்கை போகவில்லை. அப்பேர்ப்பட்ட சிங்கம் இப்போது பழைய பஞ்சாங்கங்களை அடுக்கிவைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் எந்த நட்சத்திரம் எத்தனை நாழிகை வரை என்று ஒவ்வொரு வரியாக டைப் அடித்தது. ஆள் வராத கடையில் நேரத்துக்கு என்ன குறை? மாதக்கணக்கில் அடித்தேன். பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தால் நட்சத்திரம், ராசி, கட்டம் எல்லாம் அச்சாகிவிடும். இரண்டு பேர் விவரம் கொடுத்தால் பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொல்லும். தமிழ் எழுத்துகளை நானே கட்டம் போட்டு வடிவமைத்தேன். மற்ற எழுத்தெல்லாம் சுமாராக வந்துவிட்டது. 'ழ' மட்டும், இடுப்பு பிடித்துக்கொண்ட மனிதர் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல வந்தது. எத்தனை திருத்தியும் அவர் நிமிரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

வாசலில் போர்டு மாட்டினேன்: "மனிதக் கணக்கு பிசகலாம், கம்ப்யூட்டர் பிசகாது."

கூட்டம் வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சன்னதியில் நிற்பதுபோல நின்றார்கள். பிரிண்டர் 'கர்ர்ர்க் கர்ர்ர்க்' என்று இழுக்கும்போது சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் புரோகிராமை விட அந்தச் சத்தத்துக்குத்தான் அவர்கள் மரியாதை கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஜாதகம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் வேண்டும். வெறும் தாளில் அச்சடிக்கக் கூடாது, முதலில் மஞ்சள் வை என்று ஒரு அம்மா அடம் பிடித்தார். வைத்தேன். ஈர மஞ்சள் பிரிண்டர் தலையில் ஏறி, அன்றைக்கு முழுக்க எல்லோருடைய ராசிக் கட்டத்திலும் ஒரே இடத்தில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. "விசேஷமா இருக்கே, இதுக்கு என்ன பலன்?" என்று கேட்டார்கள். "சுபம்" என்றேன். இன்ஜினியர் வாய்க்கு அதற்குள் அவ்வளவு பழக்கம் வந்துவிட்டது.

என் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் திருவையாறு பக்கத்து விவசாயி ஒருவர். நல்ல நஞ்சை, நல்ல குரல், ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். அறுவடை முடிந்து கல்யாணப் பேச்சுகள் ஆரம்பிக்கும் நேரத்தில், ஊரார் ஜாதகங்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் திரட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அவருடைய அண்ணன் மகன் கல்யாணமே என் பிரிண்டர் பார்த்து முடித்ததுதான். ஒரு நாள் பையோடு மகளையும் அழைத்து வந்தார். கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. முடித்த பெண். மற்றவர்கள் பிரிண்டரையே பார்க்க, அவர் மட்டும் என் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் பழைய கையெழுத்து ஜாதகத்தைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் போடச் சொன்னார் அப்பா. போட்டேன்.

தாளை வாங்கிப் படித்துவிட்டு அந்தப் பெண் கேட்டார்: "எனக்கு ரோகிணின்னுதானே இத்தன வருஷமா அர்ச்சனை பண்றாங்க? இதுல மிருகசீரிடம்னு இருக்கு?"

அப்போது நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பழைய ஜோசியர் கையால போட்டதும்மா. எங்கேயோ பிசகியிருப்பார். மெஷின் சொன்னா அதுதான் சரி."

"பார்த்தியா?" என்றார் அப்பா பெருமையாக, ஏதோ மெஷினை அவர்தான் பெற்றதுபோல. அடுத்த வாரமே ஊர்க் கோயிலில் குருக்களிடம் சொல்லி மகளின் நட்சத்திரத்தை மாற்றிவிட்டார்.

பிறகு அந்தப் பெண் இரண்டு மூன்று தரம் அப்பாவோடு வந்தார். கீபோர்டைப் பார்ப்பது போய், என்னையும் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியதெல்லாம் சரியாக இருந்ததில்லை என்றாலும், அந்த வாரம் புதுச் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்தேன். பெரியவரும் எங்கள் அம்மாவிடம் வந்து, நாங்கள் இன்னாருக்கு இன்ன உறவு என்று விசாரித்துக்கொண்டு போனார். தை மாதம் ஒரு காலையில், கடையில் அத்தனை பேர் இருக்கும்போதே, மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, உங்களுக்கு என்ன நட்சத்திரம்?"

"சித்திரைங்க."

"எம் பொண்ணோட சேர்த்துப் போட்டுப் பாருங்களேன்."

தன் கல்யாணத்துக்குத் தானே பொருத்தம் பார்த்துத் தானே அச்சடித்த மாப்பிள்ளை அந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். இரண்டு பேர் விவரத்தையும் அடித்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு என்பது கணவனின் ஆயுளுக்கானது என்பார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ரஜ்ஜுவாக வரக் கூடாது. வந்தால் மற்ற ஒன்பதும் ஜோராக இருந்தாலும் அதோடு பேச்சு முடிந்தது. அந்த இடத்துக்கு ஒரு கெத்து வேண்டும் என்று, ரஜ்ஜுப் பொருத்தம் இல்லையென்றால் மெஷின் 'பீப் பீப் பீப்' என்று அலறும்படி நான்தான் எழுதியிருந்தேன்.

அலறியது.

மிருகசீரிடமும் சித்திரையும் ஒரே ரஜ்ஜு. கீழே நானே புள்ளி வைத்து வரைந்த எழுத்தில்: 'கணவர் ஆயுளுக்குப் பங்கம். பொருத்தம் இல்லை.'

பெரியவர் தாளை வாங்கிப் பைக்குள் வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயசு தம்பி?"

"இருபத்தேழுங்க."

"ச்சு" என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர்போல. பின்னால் காத்திருந்த ஒருவர் தன் ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு, "உட்காருங்க தம்பி, நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றார். அதுவரை அந்தக் கடையில் எனக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் ஜாதகத்தைப் பேப்பரில் கையால் போட்டுப் பார்த்தேன். பகுத்தறிவுச் சிங்கம் ரோகிணிக்காக ஏங்கியது. போட்டுப் பார்த்தால், பஞ்சாங்கத்தில் ஒரு வரி மேலே ரோகிணி அழகாக உட்கார்ந்திருந்தது. என் புரோகிராம் ஒரு வரி கீழே போய் மிருகசீரிடத்தை எடுத்திருந்தது. ஏன்? பிறந்த நேரம் அதிகாலை நாலரை.

எனக்குப் புரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன், பக்கத்து டீக்கடைக்குக் கேட்டிருக்கும். நான் படித்த படிப்பில் நாள் என்பது நள்ளிரவு பன்னிரண்டுக்கு மாறும். பஞ்சாங்கத்தில் நாள் சூரியன் உதித்தால்தான் மாறும். வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரை என்று நாம் சொல்வது பஞ்சாங்கத்துக்கு இன்னும் வியாழக்கிழமை. இது எங்கள் வீட்டு வேலைக்கார அம்மா முதற்கொண்டு டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினியரிங் படித்தவனுக்குத்தான் மறந்துபோயிருந்தது. ஆகமொத்தம், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் பிறந்த அத்தனை பேரையும் நான் ஒரு நட்சத்திரம் தள்ளி உட்காரவைத்திருந்தேன்.

எத்தனை பேர் என்று யோசிக்கப் பயமாக இருந்தது. குழந்தைகள் அந்த நேரத்தில்தான் பிறந்து தொலைக்கின்றன! ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் நான் கொடுத்த நட்சத்திரத்தை வைத்துத் திருக்கடையூரில் சொந்தபந்தமெல்லாம் கூட்டி அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு நாள் தள்ளி. அவசரமாக விசாரித்தேன். மனிதர் கல்லு மாதிரி இருந்தார், முன்பைவிடக் கொஞ்சம் பருமனாக. அமிர்தகடேஸ்வரர் என் புரோகிராமைப் பார்த்து முடிவெடுப்பதில்லை என்று தெரிந்து நிம்மதியானேன்.

இரண்டு வரி மாற்றினேன். புரோகிராம் சரியாகிவிட்டது. புது ஜாதகம், புதுப் பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் உண்டு, பீப் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு புதுச் சட்டையில் பஸ் ஏறினேன்.

பெரியவர் களத்தில் நின்றார். சம்பா அறுப்பு, நெல்லுக் கட்டடித்துக்கொண்டிருந்தார்கள், காற்றெல்லாம் அரிக்கிற நெல் சுணை. தாளை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"முந்தாநாள் ஒண்ணு சொல்லுது, இன்னிக்கு ஒண்ணு சொல்லுது?"

"தப்பு இருந்துச்சுங்க. திருத்திட்டேன்."

"நீங்க சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுது."

"அன்னிக்கும் நான் சொல்லிக் கொடுத்ததைத்தாங்க சொல்லிச்சு."

"அன்னிக்கு உங்களுக்கு எம் பொண்ணு மேல ஆசை இல்ல."

கட்டடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சுணை சட்டைக்குள் இறங்கி முதுகு அரித்தது. மாப்பிள்ளையாகப் போகிறவன் மாமனார் எதிரில் முதுகு சொறியலாமா கூடாதா என்று தெரியாமல் நெளிந்தேன். அதைப் பார்த்து இவன் பொய் சொல்கிறான் என்று அவர் உறுதி செய்துகொண்டார்.

"நீங்க நல்ல புள்ள தம்பி. ஆனா ஒரு பொண்ணுக்காக அந்த மெஷின் மேல பழி போடாதீங்க. ஊரே அதை நம்பிக்கிட்டு இருக்கு."

எனக்கு ஒரு யோசனை வந்தது. "பழைய ஜாதகம் எழுதின ஜோசியர்கிட்டயே கேட்டுடுவோமா? அவர் கையால போடறவர். எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது, உங்களுக்குத் தெரியும். என் பக்கம் பேச மாட்டார்ல?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஜோசியர் வீடு இரண்டு தெரு தள்ளி. என் கடை வந்தபிறகு அவரிடம் கூட்டம் குறைந்து, கோயிலில் என்னைப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். அன்றைக்கு மட்டும் "வாங்கோ, வாங்கோ" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளறைக்குப் போய், பட்டுத்துணி போட்டு மூடியிருந்த ஒன்றைத் திறந்தார். குங்குமம் வைத்த மானிட்டர்.

"வாங்கிட்டேன் சார். கையால எழுதிக் கொடுத்தா இப்பல்லாம் யார் வாங்கறா?"

விரல் ஒன்றால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். பிரிண்டர் 'கர்ர்ர்க்' என்றது. தாள் ஏறி வந்தது. அதில், இடுப்பு பிடித்துக்கொண்ட மனிதர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என் 'ழ'. என் புரோகிராம். திருச்சியில் யாரோ ஃப்ளாப்பியில் போட்டு விற்றார்களாம். திருட்டுக் காப்பி, திருத்தாத காப்பி. அதே மிருகசீரிடம். என்னுடைய அந்த மூன்று பீப்பும் மறக்காமல் கூடவே வந்தன.

"ரெண்டு கம்ப்யூட்டரும் ஒண்ணாத்தான் சொல்லுது" என்றார் பெரியவர் பெருமூச்சோடு.

"ரெண்டும் ஒண்ணுதாங்க! இது நான் எழுதினது!"

"நீங்க எழுதினதா இருந்தா இன்னும் நல்லதாப் போச்சு, தப்பு இருக்காது" என்றார் ஜோசியர் மரியாதையாக.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சாமி, இந்தப் பொண்ணுக்கு ரோகிணின்னு எழுதினது நீங்க. நீங்க போட்டதுதான் சரி. தயவுசெஞ்சு ஒரு தடவை பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்க."

அவர் பழைய ஜாதகத்தையும் புதுத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வாடிப்போனது. பெரியவரிடம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்கோ. அன்னிக்கு நான்தான் ஏதோ அவசரத்துல பிசகியிருக்கேன். மனுஷன்தானே?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க கடை போர்டுல நீங்களே எழுதியிருக்கேளே சார்" என்றார்.

சரியாகக் கணக்குப் போட்ட ஒரே ஆள் என் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது என் பிழைக்கு.

பெரியவர் வீட்டுக்குத் திரும்பினோம். கூடத்தில் என்னை உட்காரவைத்துச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். உண்மையிலேயே வருத்தமாக இருந்தார்.

"உங்களை எனக்குப் பிடிக்கலன்னா இந்நேரம் சரின்னிருப்பேன் தம்பி. பிடிச்சதுனாலதான் வேண்டாங்கறேன். வாழ வேண்டிய வயசு."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது: "ஊரெல்லாம் போயிக் கேட்டீங்களே, கட்டிக்கப் போறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பெரியவர் மகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் வந்து கதவோரம் நின்றார், கையில் பாதி உரித்த மொச்சைக் கிண்ணத்தோடு.

"இந்தாம்மா. ரெண்டு மெஷினும் ஆகாதுங்குது. தம்பி மட்டும் ஆகும்ங்கறாரு. அவர் சொல்றதைக் கேட்டுக்க. எனக்குப் பயமில்லப்பான்னு நீ சொன்னா, இப்பவே தட்டு மாத்திக்கலாம். பயம்னா இதோட விட்டுடுவோம். அதுக்கு மேல நான் பேசமாட்டேன்."

அவ்வளவுதான், என் வாழ்க்கை அந்த மொச்சைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் செய்திருக்க வேண்டியது ஒரு வரி, "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு." அதை விட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பைச் சூரியனாக வைத்தேன். கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துப் பூமியாக்கினேன். தேங்காய்க் குடுமி இருக்கும் இடம் தஞ்சாவூர் என்றேன். பூமியைச் சுற்றிக் காட்டினேன், நள்ளிரவு எங்கே, நாலரை எங்கே, உதயம் எங்கே என்று காட்டினேன், நாழிகைக்கும் நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் சொன்னேன், நான் மாற்றிய இரண்டு வரியை 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியிலேயே ஒப்பித்தேன். ஒரு சுற்றில் பூமி கைநழுவி உருண்டு பெரியவர் கால்மாட்டில் போய் நின்றது. அவர் அதை எடுத்து மரியாதையாக என்னிடம் கொடுத்தார். நான் மறுபடி தஞ்சாவூரைத் தேடி ஆரம்பித்தேன். அந்தப் பெண் மொச்சை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் மூச்சு வாங்க, தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "இவ்வளவுக்கும் அப்புறம், அந்தத் தாளை நினைச்சு உங்களுக்குப் பயம் ஏதாவது இருக்குங்களா?"

அவர் மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எனக்கென்ன பயம்? சாகப்போறது நீங்கதானே."